கல்குட்டையில் மூழ்கிய பஸ்

"வெட்டிச் சாச்ச மரம் எத்தினி, சின்னக்கண்ணு?"

"ரெண்டு, மேடம்."

"அடிக்கட்டை?"

சின்னக்கண்ணு ரோட்டின் இரண்டு ஓரமும் நடந்து எண்ணிவிட்டு வந்தான். சந்தேகமாக இருந்தது. மறுபடியும் போய் எண்ணினான்.

"மூணு. எதோ ஒரு புளியமரம் காலை மட்டும் இங்க வச்சிட்டு எங்கியோ கெளம்பிப் போயிருக்குது."

"எந்தப் பக்கம் ரெண்டு?"

"மலைப் பக்கம் ரெண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒண்ணு."

துப்பறிவாளர் செந்தமிழ்ச்செல்வி மூன்றாவது அடிக்கட்டையின் மேல் ஒரு காலை வைத்து நின்றாள். கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினோரு வருஷம் மற்றவர்கள் பேசியதைக் கேட்டவள். வேலையை விட்ட பிறகும் கேட்பதை மட்டும் விட முடியவில்லை. அதனால் சைக்கிள் கடை மாடியில் ஒரு துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். சின்னக்கண்ணு டூரிங் தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். கிழிக்க டிக்கெட் இல்லாததால் இப்போது எதிரில் வருபவர்களைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். ஒரு பஸ்ஸைக் காணோம்.

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததல்லவா, அதன் முதல் நாள் காலையில் 'பச்சைவாழியம்மன்' பஸ் மாவிலங்கப்பட்டு கிராமத்தருகே வந்தது. முன்னால் ஒரு புளியமரம் விழுந்தது. டிரைவர் இன்னாசி பின்னால் எடுக்கலாமென்று திரும்பிப் பார்த்தான். பின்னாலும் ஒரு புளியமரம் விழுந்தது. பயணிகள் இறங்கி நடந்தார்கள். கண்டக்டரும் அவர்களோடு நடந்துவிட்டார். இன்னாசி மட்டும் பஸ்ஸை விட்டு நகரவில்லை. மூன்று நாள் பஸ்ஸிலேயே படுத்துக் கிடந்தான். நான்காம் நாள் பொழுது விடிந்தபோது மரங்கள் இரண்டும் ரோட்டுக்குக் குறுக்கே அப்படியே கிடந்தன. நடுவில் பஸ்ஸும் இல்லை, இன்னாசியும் இல்லை.

இரண்டு மரத்துக்கும் நடுவே ரோட்டைவிட்டுப் பிரிகிற ஒரே வழி, கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போகிற மண்பாதை. குவாரியில் எழுபதடி ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீர்மேல் எண்ணெய். தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டுத் துழாவியபோது 'கள்ளக்குறிச்சி - கச்சிராயபாளையம்' என்ற பலகை மாட்டிக்கொண்டு வந்தது. பலகை உள்ளே இருந்தால் பஸ்ஸும் உள்ளேதான். பஸ் உள்ளே இருந்தால் இன்னாசியும் உள்ளேதான். பஸ்ஸை டிரைவரோடு தள்ளிவிட்டார்கள் என்று மாவிலங்கப்பட்டு ஆட்கள் பத்தொன்பது பேர்மேல் கொலை வழக்கு தயாராக இருந்தது. பத்தொன்பது பேரும் ஒரு வாரமாகக் கரும்புத் தோட்டத்துக்குள் படுத்திருந்தார்கள்.

"பத்தொம்போது பேர்ல பதினெட்டுப் பேர்தான் படுத்துக்கினு இருக்காங்க," என்றாள் சாலம்மாள். ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருப்பவள். துப்பறிவாளரை வரவழைத்தவளும் அவள்தான். "பத்தொம்போதாவது எங்க மாமனாருங்க. அவரு செத்து ரெண்டு வருசம் ஆவுது. ஓட்டர் லிஸ்ட்ட பாத்து எழுதிட்டாங்க போல."

"செத்தவரு எப்பிடிம்மா பஸ்ஸத் தள்ளுவாரு?" என்றான் சின்னக்கண்ணு. "மேலருந்து வேணா ஒரு கை குடுத்திருப்பாரு."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் செல்வி.

சாலம்மாளின் முகம் வாடிவிட்டது. "அதான் எனக்குப் புரியலீங்க. வாயத் தொறக்க மாட்டேன்றாரு. 'நீங்க தள்ளலன்னா, தள்ளலன்னு போயி சொல்லித் தொலையேன்யா'ன்னு அழுதுகூடப் பாத்துட்டேன். பதினெட்டுப் பேரும் கொழக்கட்ட முழுங்குன மாதிரி கெடக்குறாங்க. சாயங்காலம் அஞ்சி மணிக்கு வந்து அள்ளிக்கினு போவப் போறேன்னு எஸ்.ஐ. சொல்லிட்டாரு."

செல்வி மணி பார்த்தாள். பன்னிரண்டேகால்.

"அடிக்கட்டை மூணு இருக்குன்னு எஸ்.ஐ. கிட்டப் போய்ச் சொன்னா விட்டுருவாரா, மேடம்?"

"யாரோ அடுப்புக்கு வெட்டினாங்கன்னு சொல்லிடுவார். குட்டைக்குள்ள பஸ் இல்லைன்னு காட்டினாத்தான் கேப்பார். கடலூர்க்காரர் வந்துட்டாரா?"

ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஓட்டுபவருக்குப் பின்னால் சட்டை போட்ட ஓர் ஆள், ஆடாமல் அசையாமல், தலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

சாலம்மாள் டீக்கிளாஸைக் கீழே போட்டாள்.

கிட்டே வந்த பிறகுதான் அது சிலிண்டர் என்று தெரிந்தது.

"இன்னா பண்றது மேடம்," என்று இறங்கினார் சாம். ஐம்பது வயது, கருத்து ஒடிசலான உடம்பு. கப்பல் படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கடலூர் துறைமுகத்தில் படகு விசிறியில் சிக்கிய வலைகளை நீருக்கடியில் போய் அறுத்துவிடுகிறார். "நேரம் சரியில்ல பாருங்க. மொத செக்போஸ்ட்ல இத வெடிகுண்டுன்னுட்டாங்க. காத்துங்கன்னேன். 'காத்தை எதுக்குய்யா கட்டி எடுத்துக்கினு போற, அங்க காத்து இல்லியா'ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியல. அப்பறம் எஞ் சட்டையக் கழட்டி இதுக்குப் போட்டுட்டேன். அடுத்த ரெண்டு செக்போஸ்ட்லயும் கேக்கவே இல்ல."

"ஒரே ஒரு சிலிண்டரா?"

"ஒண்ணுதான். நம்ம பக்கம் இதுக்கு ரொப்பற மிஷின் கெடையாது. அந்த ஆழத்துல இருவது நிமிஷம், மிஞ்சினா இருவத்தஞ்சி. அதுக்குள்ள பஸ்ஸு இருந்தாப் பாத்துடலாம். பஸ்ஸு இன்னா குண்டூசியா?"

குவாரிக் கரையில் தேர்த்திருவிழாபோல் கூட்டம். பாறை விளிம்பெல்லாம் பெண்களும் பிள்ளைகளும். ஒருவர் சேமியா ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். நான்கு பக்கமும் செங்குத்தாகச் சீவிய கருங்கல் சுவர். நடுவில் பச்சை நிறத்தில் தண்ணீர், அசைவே இல்லை. கிழக்கு மூலையில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு எண்ணெய் வானவில்லாக மினுங்கியது. இன்னாசிக்காக யாரோ ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள்.

எஸ்.ஐ. குடைக்குக் கீழே நாற்காலி போட்டு, பத்தொன்பது பெயர் எழுதிய தாளால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பஸ் முதலாளி தணிகாசலம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பத்து நாள் தாடி.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் தணிகாசலம். "பலகை வந்துடுச்சி. எண்ண மெதக்குது. போனது போயிடுச்சி. முழுகினத நோண்டிக்கினு."

"எண்ணெயைத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன், முதலாளி," என்றாள் செல்வி. "பஸ் முழுகிப் பதினோரு நாள். எண்ணெயைப் பாத்ததுலேருந்து தெனமும் அதே மூலையில, அதே அளவுல மிதக்குதாமே. பஸ்ஸுல எண்ணெய் அளந்து ஊத்துற ஆள் யாராவது இருக்காங்களா?"

தணிகாசலம் எண்ணெய்க்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

சாம் இடுப்பில் கட்டியிருந்த ஈயக்கட்டிகளில் இரண்டைக் கழற்றிச் சின்னக்கண்ணுவிடம் கொடுத்தார். "உப்புத் தண்ணி நம்மளத் தூக்கும். நல்ல தண்ணி தூக்காது. இங்க இவ்ளோ கனம் வேணாம்." பிறகு தண்ணீரை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "அலையும் இல்ல, வாசனையும் இல்ல. எறங்கறதுக்கே ஒரு மாதிரியாக் கீது."

இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைச் சின்னக்கண்ணுவின் கையில் வைத்தார். "நல்லாக் கேட்டுக்க. ஒரு இழுப்பு, நல்லா இருக்கேன். ரெண்டு இழுப்பு, கயிறு விடு. மூணு, எதோ கெடச்சிருக்குது. நாலு, என்னை மேல தூக்கு."

"அஞ்சுன்னா?"

"அஞ்சி இழுக்கற நெலமையில நான் இருக்க மாட்டேன்."

கண்ணாடியை மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு, காலில் வாத்து மாதிரி ரப்பர் துடுப்போடு பின்பக்கமாகச் சரிந்து விழுந்தார் சாம். கூட்டம் கைதட்டியது. குமிழிகள் வந்தன. பச்சை நீருக்குள் ஒரு மஞ்சள் புள்ளி சிறுத்துச் சிறுத்து மறைந்தது.

செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்றாம் நிமிஷம். "ஒண்ணு, மேடம். நல்லா இருக்காராம்."

ஐந்தாம் நிமிஷம். "ரெண்டு. கயிறு விடறேன்."

எட்டாம் நிமிஷம். சின்னக்கண்ணுவின் முகம் மாறியது.

"மேடம், எட்டு இழுப்பு!"

"எட்டுக்கு என்ன?"

"அதான் தெரியல. ரெண்டு நாலா, நாலு ரெண்டா? ரெண்டு நாலுன்னா ரெண்டு தடவை தூக்கணும். நாலு ரெண்டுன்னா நாலு தடவை கயிறு விடணும்."

"இழுய்யா!"

சின்னக்கண்ணு இழுத்தான். பக்கத்திலிருந்த பெண்களும் சேர்ந்து இழுத்தார்கள். கிணற்றில் தோண்டியை இழுத்துப் பழகிய கைகள். சாம் நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தார். குழாயைத் துப்பினார்.

"யோவ்! கயிறு பாறையில மாட்டிக்கிச்சின்னு உதறினேன்யா! அதுக்குள்ள வூட்டுக்கு இட்டாந்துட்டியே!"

"பஸ்?" என்று எழுந்தார் எஸ்.ஐ.

சாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கூட்டம் முழுக்க அடங்கிவிட்டது. ஐஸ் பெட்டிக்காரர்கூட மணியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பஸ்ஸு இல்ல சார்."

கூட்டம் ஓவென்று ஏமாற்றத்தில் பெருமூச்சு விட்டது. பத்தொன்பது பேருடைய சொந்தக்காரர்களும் சேர்ந்துதான் விட்டார்கள். அவ்வளவு தூரம் நடந்து வந்ததற்கு ஒரு பஸ்ஸாவது பார்த்திருக்கலாம்.

"நல்லாப் பாத்தியா?"

"மூலைக்கு மூலை பாத்தேன். மேல பச்சையா இருந்தாலும் கீழ கண்ணாடி மாதிரி இருக்குது. தரையெல்லாம் பாறை. துருப்பிடிச்ச தண்டவாளம், ஒரு எருமை எலும்பு. பஸ்ஸுன்னு சொன்னா, ஒரு ஸ்டீரிங் தனியாக் கெடக்குது. ரெக்ஸின் கிழிஞ்ச சீட்டு ஒண்ணு தனியாக் கெடக்குது. பஸ்ஸு கரைஞ்சி போச்சின்னு வச்சிக்கிட்டாலும் நாப்பது சீட்டு மிஞ்சணும் இல்ல?"

"ரெக்ஸின் கிழிஞ்ச சீட்டா?" என்றாள் சாலம்மாள். "அந்த பஸ்ஸுக்குப் போன மாசந்தானே பச்சை உறை தச்சிப் போட்டாங்க. பளபளன்னு இருக்கும்."

செல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கிழக்கு மூலையைக் காட்டினாள். "அந்த எண்ணெய்க்கு நேர் கீழ என்ன இருக்கு, சாம்?"

"ஒரு டின்னு இருக்குது. எதுலயோ கட்டி வச்சிருக்காங்க. எடுத்துக்கினு வர்றதுக்குள்ளதான் இந்த மகராசன் இழுத்துட்டான்."

"காத்து எவ்வளவு இருக்கு?"

சாம் சிலிண்டர் முள்ளைப் பார்த்தார். "ஒரு தடவை போய் வரலாம்."

இரண்டாவது கயிற்றோடு மறுபடியும் இறங்கினார். இந்த முறை சின்னக்கண்ணு ஒவ்வொரு இழுப்பையும் உரக்க எண்ண, கரை முழுவதும் சேர்ந்து எண்ணியது. "ஒண்ணு... ரெண்டு... மூணு!" தணிகாசலம் மட்டும் எண்ணவில்லை. வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு, கிளம்புகிறவர்போல் இரண்டடி வைத்தார். எஸ்.ஐ. "இருங்க முதலாளி, உங்க பஸ்ஸுதானே," என்று உட்கார வைத்தார்.

பன்னிரண்டு பெண்கள் இழுத்தார்கள். முதலில் வந்தது இருபது லிட்டர் டின். மூடியில் ஊசி முனை அளவுக்கு இரண்டு ஓட்டை. அதிலிருந்து எரிந்த இன்ஜின் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. டின்னுக்குக் கீழே, கயிற்றால் இறுக்கிக் கட்டியபடி, தண்ணீர் ஒழுக ஒழுக வந்து பாறைமேல் உட்கார்ந்தது ஒரு தையல் மிஷின்.

"சார்," என்றான் சின்னக்கண்ணு எஸ்.ஐ.யிடம், "பஸ்ஸு துணி மாத்திக்கப் போயிருக்குது."

எஸ்.ஐ. டின்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "போக்கிரிப் பசங்க. போலீஸை ஏமாத்த டின்னு வச்சிருக்கானுங்க. பஸ்ஸை வேற எங்கியோ..."

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் செல்வி. "நாம எங்க நிக்கிறோம்?"

"குவாரியில."

"குவாரியில என்ன இருக்கும்?"

"கல்லு."

"கல்லைத் தவிர வேற ஒண்ணுமே இல்லாத எடத்துல, டின்னை முழுகடிக்கக் கனம் வேணும்னு ஒருத்தர் வீட்டுலேருந்து தையல் மிஷினைத் தூக்கிட்டு வந்திருக்கார். ஏன்?"

எஸ்.ஐ. சுற்றிலும் பார்த்தார். ஒரு லட்சம் கல் இருந்தது.

"கனத்துக்காக இல்ல, சார். அந்த மிஷினும் கண்ணுல படக்கூடாதுன்னு நெனச்சிருக்கார். அதும்மேல அவருக்கு அவ்வளவு கோபம்."

செல்வி குனிந்து மிஷினின் கழுத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பாசிக்குக் கீழே பெயிண்டில் எழுதிய எழுத்து தெரிந்தது. த. அம்சவள்ளி.

"உங்க பொண்ணு பேரு என்ன, முதலாளி?"

"அது... மறியல்காரங்க எங்க வூட்டுல பூந்து எடுத்துக்கினு..."

"பொண்ணு எங்க?"

"திருநாவலூர்ல இருக்குது. அவங்க அத்தை வூட்டுல. திருநாவலூர்ல."

"எக்ஸ்சேஞ்சுல பதினோரு வருஷம் இருந்தேன், ஐயா. உண்மை பேசுறவங்க ஊர்ப் பேரை ஒரு தடவைதான் சொல்வாங்க." செல்வியின் குரலில் அதட்டல் இல்லை. "பஸ்ஸுக்குப் பச்சை உறை தச்சது அவதானே? அளவெடுக்க, தச்சதை மாட்டன்னு பஸ்ஸுல ஏறி எறங்கியிருப்பா. டிரைவர் கூடவே இருந்திருப்பான். இன்னாசி சாகல. உங்க பொண்ணும் திருநாவலூர்ல இல்ல."

அப்போது குவாரிக்கு அந்தப் பக்கம் கரும்பு சலசலத்தது. முதலில் ஒருவன் எழுந்தான். பிறகு இரண்டு பேர். பிறகு வரிசையாக, கரும்புச் சோகை ஒட்டிய தலையோடு, பதினெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். எஸ்.ஐ. பதறிப்போய் லிஸ்டில் டிக் அடிக்கப் பேனாவைத் தேடினார்.

முன்னால் வந்தவன் சாலம்மாளின் கணவன் அம்மாசி. நேராகத் தணிகாசலத்தின் எதிரில் வந்து நின்றான்.

"மன்னிச்சிக்கோங்க முதலாளி. அவங்களாக் கண்டுபுடிச்சிட்டாங்க. நாங்க சொல்லல."

"யோவ், நீ சொல்லாததுதான்யா இங்க பிரச்சினையே!" என்று கத்தினாள் சாலம்மாள்.

"சத்தியம் பண்ணிட்டோம்டி," என்றான் அம்மாசி. "அந்தப் பொண்ணு மூணு நாளு சைக்கிள்ல அவனுக்குச் சோறு கொண்டாந்துச்சி. எங்களுக்கும் சேத்துத்தான் கொண்டாந்துச்சி. மூணாம் நாளு ராத்திரி துணி மூட்டையும் கொண்டாந்துச்சி. மறியல் முடிஞ்ச மறுநாளு அதுக்கு நிச்சயமாம், வேற எடத்துல. அழுதுச்சி. நாங்க மரத்த துண்டு போட்டு நவுத்தி வழி வுட்டோம். பஸ்ஸு மலைப் பக்கம் போயிடுச்சி. எங்க போனோம்னு யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கிச்சி. பதினெட்டுப் பேரு கையிலயும்."

"வழி விட்டீங்க. சரி. அப்புறம் எதுக்குய்யா இன்னொரு மரத்தைப் போட்டீங்க?" என்றார் எஸ்.ஐ.

அம்மாசிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "மறியல் நடந்துக்கினு இருக்குதுங்களே. ரோட்ட எப்பிடித் தொறந்து வுடறது?"

"கொலை கேஸ்ல உள்ள போயிருப்பீங்களேடா!"

"அதுக்காகக் குடுத்த வாக்க மாத்த முடியுங்களா? முதலாளிய வேற பாத்தோம். ஆறாம் நாளு, தனியா மாட்டு வண்டி ஓட்டிக்கினு வந்தாரு. இந்த மிஷினயும் டின்னயும் ஒரு ஸ்டீரிங்கயும் ஒரு கிழிஞ்ச சீட்டயும் எறக்கி, அவங்க கழட்டிப் போட்டுட்டுப் போன பலகையயும் சேத்து உள்ள தள்ளிட்டு, அதோ அந்தப் பாறை மேல குந்திக்கினு அழுதாரு. அழுவற ஆளுகிட்டப் போயி இன்னான்னு கேக்கறது?"

தணிகாசலம் அந்தப் பாறையைப் பார்த்தார். பிறகு அதிலேயே போய் உட்கார்ந்தார்.

"பொண்ணு கடுதாசி எழுதி வச்சிருந்துச்சி," என்றார். "பஸ்ஸ எடுத்துக்கினு போறோம், தேடாதீங்கன்னு. ரோடு தெறந்தா பஸ்ஸு எங்கன்னு ஊரு கேக்கும். இன்னான்னு சொல்லுவேன்? பஸ்ஸு முழுகிடுச்சின்னா ஊரு அழுவும். பொண்ணு டிரைவரோட போயிட்டான்னா சிரிக்கும். பஸ்ஸு முழுகிடுச்சின்னுதான் நான் சொன்னேன், சார். இவங்க தள்ளினாங்கன்னு நீங்களே எழுதினீங்க. நான் இல்லன்னு சொல்லல. அது தப்புதான். இவங்க இவ்ளோ பேரு..."

அம்மாசி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி அவரிடம் நீட்டினான்.

எஸ்.ஐ. செல்வியைத் தனியே அழைத்தார். "யம்மா, இதுக்கு இன்னா செக்ஷன் போடறது? செத்தவன் சாகல. முழுகின பஸ்ஸு முழுகல. மேஜர் பொண்ணு. பஸ்ஸும் ஒரு வகையில அவ அப்பன் பஸ்ஸு."

"மொதல்ல பஸ்ஸைப் பாத்துடலாம், சார்."

சாம் ஈர உடம்போடு பாறையில் மல்லாந்து, சாலம்மாள் கொடுத்த டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு ஜீப் கிளம்பியது. முன்னால் எஸ்.ஐ., பின்னால் செல்வியும் சின்னக்கண்ணுவும். அவர்களுக்கு நடுவே தணிகாசலம். வர மாட்டேன் என்றவர், ஜீப் நகர்ந்ததும் தானாக வந்து ஏறிக்கொண்டார்.

கோமுகி அணை தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கைப்பிடிச் சுவர் பாதி இடத்தில் இல்லை. வழியில், மலைமேல் இருக்கும் தும்பைவளவு ஊர்க்காரர் ஒருவர் தலையில் பலாப்பழத்தோடு நின்றார். இந்தப் பக்கம் ஒரு பஸ் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, அவர் நிழலைப் பார்த்துவிட்டு, "அடுத்ததுக்கு இன்னும் நாழி இருக்குதுங்களே," என்றார்.

"அடுத்ததா?" என்றார் எஸ்.ஐ.

"ஒரு நாளைக்கு நாலு தடவை போயி வருதுங்க. பத்து நாளா. எங்க ஊருக்கு பஸ்ஸு வுட்டுட்டாங்களே, தெரியாதுங்களா?"

சின்னக்கண்ணு மெல்லச் சொன்னான். "ஓடிப்போனவங்கன்னா ஒளிஞ்சிக்கினு இருப்பாங்கன்னு பாத்தேன், மேடம். இவங்க சர்வீஸ் நடத்திக்கினு இருக்காங்க."

மூன்றாவது கொண்டை ஊசியில் ஹாரன் கேட்டது. ஜீப் டிரைவர் பிரேக் அடித்தார். வளைவில் மூக்கோடு மூக்காக வந்து நின்றது பச்சைவாழியம்மன் பஸ். கூரைமேல் மரவள்ளி மூட்டைகள், அவற்றின்மேல் நான்கு ஆடுகள். உள்ளே நிற்க இடமில்லை. பலகை இருந்த இடத்தில் கரியால் 'தும்பைவளவு' என்று எழுதியிருந்தது. ஸ்டீரிங்கில் இன்னாசி. படிக்கட்டில் ஒரு கையால் தொங்கியபடி, வாயில் விசிலோடு அம்சவள்ளி.

விசில் வாயிலிருந்து விழுந்தது.

ஆடு ஒன்று மட்டும் கத்தியது.

"எறங்கி ஓடலாம்னு பாத்தோம்ப்பா," என்றாள் அம்சவள்ளி கடைசியில். "மலைக்கு வந்த அன்னிக்கே ஊரே ஏறிக் குந்திக்கிச்சி. எங்கியும் போவல, இது லைன் பஸ்ஸு இல்லன்னு எவ்ளோவோ சொன்னோம். எறங்க மாட்டேன்னுட்டாங்க. இன்னா பண்றது? எடுத்துட்டோம்."

மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி விடவேண்டும். ஆனால் அவ்வளவு கூட்டத்தோடு பஸ்ஸால் பின்னால் போக முடியாது. ஜீப்பைப் பாறையோடு ஒட்டி நிறுத்தினால், பள்ளத்துப் பக்கமாக பஸ் கடக்க ஒரு முழம் மிஞ்சும். இன்னாசி முதலாளியைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான். எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாமல் மறுபடியும் முதலாளியைப் பார்த்தான்.

தணிகாசலம் ஜீப்பிலிருந்து இறங்கினார். மகளைத் தாண்டிப் போனார். அவளைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் இடது முன் டயரருகே நின்று, சக்கரத்துக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் குனிந்து பார்த்தார். டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். பிறகு பள்ளத்தின் ஓரமாகவே பஸ்ஸுக்கு முன்னால் பத்தடி நடந்து, பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவருடைய குதிகாலுக்குப் பின்னால் வெறும் காற்று.

"ஜனங்களே, எல்லாரும் மலைப் பக்கமாச் சாஞ்சுக்கோங்க!" என்று கத்தினான் சின்னக்கண்ணு. ஆடுகளைத் தவிர எல்லாரும் சாய்ந்தார்கள்.

தணிகாசலம் வலது கையைத் தூக்கினார். உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கினார்.

"வலது ஒடி," என்றார். பத்து நாளில் இன்னாசியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை. "இன்னும் கொஞ்சம். போதும். நேராப் புடி."

பஸ் ஓர் அங்குலம் நகர்ந்தது. ஜல்லி உருண்டு பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது. இன்னாசி அவர் கண்களை மட்டும் பார்த்து ஓட்டினான். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வரலாம்," என்றார் தணிகாசலம். பின்பக்கமாகவே நடந்துகொண்டு, பஸ்ஸின் முகத்தை உள்ளங்கையால் தட்டினார். "வரலாம்... வரலாம்..."

அம்சவள்ளி படிக்கட்டுக் கம்பியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். பஸ்ஸின் கடைசிச் சக்கரம் ஜீப்பைத் தாண்டியது. ரோடு அகலமாயிற்று. இனி யாரும் வழி காட்டத் தேவையில்லை. அவர் கை மட்டும் இறங்கவில்லை.

"வாப்பா," என்றார் இன்னாசியைப் பார்த்து. "வா, வா."